பன்றிக்குட்டிகளின் நடத்தையில் ஒளியும் கூட்டின் அமைப்பும்

"பன்றிக்குட்டிகளின் இறப்பு பிறந்து முதல் மூன்று நாட்களில் கூடுதலாக இருப்பதற்கான காரணத்தை விளக்குக." இத்தகைய வினாவுக்கு "தாய் நசுக்கிவிடும்" என ஒரே வரியில் விடையெழுதும் மாணவர் பலர். அது பிழையன்று. ஆனால் குட்டி ஏன் தாயின் உடலோடு ஒட்டிப் படுக்கிறது என்பதையும் எழுதினால்தான் அது விளக்கமாகும்.

பிறந்த குட்டியின் நிறை ஏறக்குறைய 1 முதல் 1.5 கிலோகிராம் வரை இருக்கும். தோலின் கீழ்க் கொழுப்பு மிகக் குறைவு, உரோமமும் சொற்பம். எனவே அதற்குச் சுமார் 34 பாகை செல்சியஸ் வெப்பநிலை தேவை. தாய்க்கோ 20 பாகை அளவே இதமானது. ஒரே கூட்டில் இரு வெப்பநிலைகளை ஏற்படுத்துவதுதான் இங்குள்ள சிக்கல். விசுவமடு வெயிலில் நிற்கும் உங்களுக்கு, குட்டிக்குக் குளிருமா என்று தோன்றலாம். கார்த்திகை, மார்கழி மழை இரவில், ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். குட்டி அந்தத் தரையில் வயிறு படப் படுக்கிறது.

ஆகவே கூட்டின் ஒரு மூலையைத் தாய் நுழைய முடியாதவாறு மறித்து, குட்டிகள் மட்டும் புகக்கூடிய இடைவெளி விடவேண்டும். உள்ளே உலர்ந்த வைக்கோல் இட்டு, மேலே வெப்ப மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிடலாம். மின்குமிழைச் சங்கிலியால் கட்டுவது நல்லது. அறுந்து வைக்கோலில் விழுந்தால் கூடே எரிந்துவிடும். சுவரோரமாகத் தரையிலிருந்து ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரத்திலும், சுவரிலிருந்து அதேயளவு தள்ளியும் காப்புச் சட்டம் பொருத்தினால், தாய் சரிந்து படுக்கும்போது குட்டி ஒதுங்க இடம் கிடைக்கும். "தாய் குட்டியைக் கொன்றுவிட்டது" என்று பன்றியைத் திட்டுவோர் உண்டு. பெரும்பாலும் குற்றம் கூட்டில்தான்.

முதல் நாளில் குட்டி மின்குமிழைத் தேடி வராது. தாய்மடியின் மணமும் சூடுமே அதை இழுக்கும். பால் குடித்தபின் பிடித்து மின்குமிழின் கீழ் விடுங்கள். ஓரிரு நாட்களில் தானாகவே வரப் பழகிவிடும்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் குட்டிகள் படுத்திருக்கும் விதத்தைக் கொண்டே வெப்பநிலையை அறியலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தால் குளிர். மின்குமிழை விட்டு விலகி, சிதறி, மூச்சு வாங்கினால் வெப்பம் அதிகம். பக்கவாட்டில் காலை நீட்டி, ஒன்றையொன்று இலேசாகத் தொட்டபடி உறங்கினால் போதுமான வெப்பம்.

பால் மறந்த இளம் பன்றிகளில் ஒளியின் விளைவைத் தெளிவாகக் காணலாம். அவை மங்கலான பகுதியில் ஓய்வெடுப்பதும், ஒளி கூடிய பகுதியில் எச்சமிடுவதும் பரிசோதனைகளில் அவதானிக்கப்பட்டுள்ளன. எனவே படுக்கும் பக்கத்தைக் கிடுகால் தாழ வேய்ந்து நிழலாக்கி, நீர்த்தொட்டியை வெளிச்சமான பக்கத்தில் வையுங்கள். படுக்கை உலர்ந்திருக்கும்; கழுவும் வேலையும் குறையும். இதற்காக முழு இருட்டில் அடைத்துவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுப் பணிப்புரை, நாளொன்றுக்குக் குறைந்தது 8 மணித்தியாலம் 40 லக்ஸ் ஒளி வேண்டும் என்கிறது. கிளறுவதற்கு வைக்கோல் போன்ற பொருளும் கொடுக்கவேண்டும் என்பது அதிலுள்ள மற்றொரு விதி. நெருக்கமான வெறுந்தரையில் கிளற எதுவுமின்றி நிற்கும் பன்றிகள் ஒன்றின் வாலை மற்றொன்று கடிக்கத் தொடங்கும்.

பயிற்சி: ஒரு கூட்டில் குட்டிகள் மின்குமிழின் நேர்கீழ் இடத்தை வெறுமையாக விட்டு, அதனைச் சுற்றி வட்டமாகப் படுத்துள்ளன. பண்ணையாளர் முதலில் செய்யவேண்டியது யாது? காரணம் தருக.