சட்ட வரம்புக்கு வெளியே மட்டாஞ்சேரிக் கடைகள்

புதுதில்லி: எரிசக்தி சேமிப்புச் சட்டத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8-ல் மக்களவையிலும், டிசம்பர் 12-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஆனால், நாட்டின் கடைத்தெருக்களில் பெரும்பகுதியை அதன் கட்டட விதிகள் தொடவில்லை.

100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்த மின்தேவை உள்ள கட்டடங்களுக்கே அவ்விதிகள் பொருந்தும். கொச்சி மட்டாஞ்சேரியின் சிறு கடைகள் இவ்வரம்பை எட்டுவது அரிது.

அங்குள்ள பழைய நறுமணப் பொருள் கிடங்குகளோ மின்சாரத்துக்கு முந்தைய காலத்தவை. தடித்த சுவர்கள் வெப்பத்தைத் தாமதப்படுத்துகின்றன. ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறுகிறது. நீண்ட இறவாரம் வெயிலையும் மழையையும் தடுக்கிறது. ஈரப்பதம் மிகுந்த கொச்சியில் காற்றோட்டமே முதல் தேவை. முகப்பைக் கண்ணாடியால் அடைத்து, தட்டையான கான்கிரீட் தளம் போட்டால் குளிர்சாதனமின்றி அமர முடியாது.

இதே கொச்சியின் விமான நிலையம், முழுவதும் சூரிய மின்சக்தியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமாக 2015-ல் பெயர் பெற்றது. பெரிய நிறுவனத்திடம் முதலீடு உண்டு. வாடகைக் கடையிலோ கட்டடத்தை மாற்றும் உரிமை உரிமையாளருக்கு, மின்கட்டணம் வாடகைதாரருக்கு.

வரம்பைக் குறைக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு உண்டு. செலவை ஏற்பது யார் என்பதை முடிவு செய்யாமல் வரம்பை மட்டும் குறைத்தால், சுமை சிறு வணிகரின் தலையிலேயே விழும்.