மறைந்த எழுத்துருவின் திறவுகோல்

ஜொகூரில், குளுவாங்கிலோ மூவாரிலோ ஒரு தமிழாசிரியர் 1990களில் கணினியில் எழுதிவைத்த பாடக் குறிப்பை இன்று திறந்தால், திரையில் உரோமன் எழுத்துகளின் கூளமே தோன்றக்கூடும். கோப்பு கெடவில்லை. யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடமளித்ததாயினும் அது பரவ நாளாயிற்று. அதுவரை எழுத்துருக்கள் பலவும் தத்தம் போக்கில் எழுத்துக்கு எண் வழங்கின. எழுத்துரு தொலைந்தால் திறவுகோலும் தொலைந்தது.

அதனைக் கோப்பிலிருந்தே மீட்கலாம். அச்சுப்படி கையிலிருப்பின் எளிது. இல்லையேல் இலக்கணமே துணை. மிகுதியாக வந்தும் சொல்லுக்கு முதலில் ஒருபோதும் வாராத எண், மெய்யாகவோ துணைக்காலாகவோ இருத்தல் கூடும். அக்காலக் கோப்புகளில், கண்ணுக்குத் தோன்றும் முறைப்படியே, 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்கும். ஆகவே முதலில் வந்தும் ஈற்றில் வாராத எண்ணைக் கொம்போ என ஐயுறுக.

ஒருங்குறியில் கொம்பு ககரத்துக்குப் பின்னே வரும். நிரல் அதனை இடம் மாற்றுதல் வேண்டும். இடறல் இங்கேதான். ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண் கொடுத்த எழுத்துருக்கள் உண்டு. கண்மூடி மாற்றும் நிரல் 'கௌரவ'த்தைக் காக்கும், 'தெளி'வைக் குலைத்துவிடும்! அடுத்து இகரக் குறியோ புள்ளியோ நின்றால் அது ளகரமே என்று நிரலுக்கு முன்னரே சொல்லிவைக்க.