சுற்றி வர முடியாத ஸ்கேன்!

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் சந்நிதி முன் நிற்பவர்களுக்கு ஒரே திருமேனியில் இரண்டு பேர் தெரிவார்கள். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். கோமதி அம்மன் தவமிருந்து கேட்டது இந்தக் காட்சியைத்தான். ஆடித்தபசுக்குக் கூடும் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஒரு பேச்சுக்கு, ஒருவரால் வலப்பக்கமாக ஒதுங்கி நின்று மட்டுமே அந்த மூர்த்தியைப் பார்க்க முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உள்ளே இருப்பது சிவன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்; கோணம்தான் போதவில்லை.

இதே ஊரிலிருந்து பஸ் ஏறி, திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களின் விஷயத்திலும் கோணம்தான் எல்லாம்.

சாதாரண எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். நெஞ்சு எலும்பு, இதயம், நுரையீரல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த ஒரே நிழல். ஒரு தாம்பாளத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தால் சுவரில் வட்டம் விழும். விளிம்பைத் திருப்பினால் வெறும் கோடு விழும். ஒரு நிழலை வைத்து அது தாம்பாளமா, கரண்டிக் காம்பா என்று சொல்லிவிட முடியாது. சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான கோணங்களில் நிழல் எடுக்கிறது. அந்த நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டரின் வேலை. அப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்பதைக் கணக்கில் நிரூபித்தவர் ஆஸ்திரியக் கணித அறிஞர் ஜோஹன் ரேடன். வருடம் 1917. அப்போது ஸ்கேனும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை!

லண்டன் அருகே விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளிக்குத் தலை ஸ்கேன் எடுக்கப்பட்டது. மெஷினை உருவாக்கியவர் இன்ஜினீயர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். தலையைச் சுற்றி ஒவ்வொரு டிகிரியாக 180 நிலைகள். ஒவ்வொன்றிலும் 160 அளவுகள். அதாவது 28,800 எண்கள். எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து எடுத்தாலும் நிழல் ஒன்றுதான் என்பதால் அரைச் சுற்றே போதும். ஆனால், இத்தனை எண்களையும் வைத்துப் படத்தைக் கட்டுவதற்குள் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களுக்கு மூச்சு வாங்கியது.

அதற்கு முந்தைய மாதம்தான், அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர்கள் ஜி.என்.ராமச்சந்திரன், ஏ.வி.லட்சுமிநாராயணன். ராமச்சந்திரனின் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘ஜி’, கோபாலசமுத்திரம். நெல்லைக்காரர்களுக்குப் பழக்கமான ஊர்ப்பெயர்! பிறந்தது எர்ணாகுளத்தில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்தபோது, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைப் பின்னலாக இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார்.

அவர்கள் சொன்ன வழி என்ன? நிழல்களை வைத்துப் படம் கட்ட ஒரு நேரடி முறை உண்டு. ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்ப இழுத்துப் பூச வேண்டும். எல்லாத் திசையிலிருந்தும் பூசினால், பொருள் இருக்கும் இடத்தில் மை அடர்த்தியாகச் சேரும். சிக்கல் என்னவென்றால், சுற்றியும் மை கசிந்து படமே பனிமூட்டம் போல ஆகிவிடும். அதனால், பூசுவதற்கு முன்பே நிழலைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அப்போது ஃபூரியே உருமாற்றம் என்ற சுற்றுவழிக் கணக்கு தேவைப்பட்டது.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அந்தச் சுற்றுவழியை வெட்டினார்கள். ஒரு சின்ன எண் வரிசை. நடுவில் கால்; அதற்கு இருபுறமும் ஒற்றைப்படை இடங்களில் தேயத் தேயக் குறையும் மைனஸ் எண்கள்; இரட்டைப்படை இடங்களில் பூஜ்யம். நிழலின் எண்களை இந்த வரிசையால் பெருக்கிக் கூட்டினால் போதும். அந்த மைனஸ் எண்கள் கசியப்போகும் மையை முன்கூட்டியே துடைத்துவிடும். பெருக்கலும் கூட்டலும்தான் என்பதால் வேகம். ஒரு நிழல் வந்ததுமே அதற்குரிய வேலையை முடித்துவிடலாம். கடைசி நிழல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நிழலைச் சரிசெய்து பூசும் இந்த வழிதான் பல்லாண்டுகள் சி.டி. மெஷின்களின் அடிப்படைக் கணக்காக இருந்தது. இன்றும் மென்பொருள்களில் ‘ராம்-லாக் ஃபில்டர்’ என்ற பெயர் இருக்கிறது. சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் நோபல் பரிசு பெற்றவர்கள் ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கோர்மாக்கும். ராமச்சந்திரனுக்கு எதற்குமே நோபல் வரவில்லை என்பது அறிவியல் உலகின் பழைய ஆதங்கம்.

அரைச் சுற்றும் கிடைக்காவிட்டால்?

இந்தக் கணக்கு ஒழுங்காக வேலை செய்ய அரைச் சுற்றாவது வேண்டும். எல்லா இடத்திலும் அது கிடைப்பதில்லை.

மார்பகப் புற்றுநோயைத் தேடும் டோமோசிந்தசிஸ் என்ற முப்பரிமாண மேமோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகத்தை இரண்டு தகடுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, எக்ஸ்ரே குழாய் மேலே சிறிய வளைவாக நகர்கிறது. மெஷினைப் பொறுத்து 15 முதல் 50 டிகிரி வரைதான். முழுதும் சுற்றினால் நெஞ்சும் தோளும் குறுக்கே வரும். கதிர்வீச்சையும் குறைவாகத்தான் தர வேண்டும். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலும் இதே கதை. மாதிரியை இரண்டு பக்கமும் 60, 70 டிகிரிக்கு மேல் சாய்த்தால், எலெக்ட்ரான் ஊடுருவ முடியாத அளவுக்கு அது தடிமனாகிவிடும்.

கோணம் குறைந்தால் படம் மொத்தமாக மங்குவதில்லை. சில விளிம்புகள் கூர்மையாக வரும். சில அடியோடு காணாமல் போகும். எந்த விளிம்பை ஏதாவது ஒரு கதிர் உரசிக்கொண்டு போகிறதோ, அது தெளிவாகத் தெரியும். எந்தக் கதிரும் உரசாத விளிம்பு தெரியாது. டோமோசிந்தசிஸில் கதிர்கள் ஏறக்குறைய மேலிருந்து கீழாகவே வருகின்றன. கோலிக்குண்டு போன்ற ஒரு கட்டி உள்ளே இருந்தால், பக்கவாட்டு விளிம்புகள் பளிச்சென்று வரும்; மேல்பக்கமும் அடிப்பக்கமும் கரைந்து, குண்டு மேலும் கீழும் இழுபட்டு முட்டை போல நிற்கும். கட்டி எவ்வளவு ஆழத்தில் முடிகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

ராம்-லாக் வழி இங்கே தடுமாறும். பூச வேண்டிய நிழல்களில் பாதிக்கு மேல் வரவே இல்லையே! அதனால் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழியையும் பிடித்தார்கள். முதலில் ஒரு படத்தை ஊகிக்க வேண்டும். அந்தப் படம் என்ன நிழல் தரும் என்று கணக்கிட்டு, உண்மையான நிழலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்த வேண்டும். மறுபடி ஒப்பிட்டு, மறுபடி திருத்த வேண்டும். இதன் வேர் 1937-ல் போலந்துக் கணித அறிஞர் காச்மார்ஸ் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. இந்த முறையில், ‘அடர்த்தி பூஜ்யத்துக்குக் கீழே போகாது’, ‘திசுக்கள் பெரும்பாலும் திட்டுத்திட்டாகச் சீராக இருக்கும்’ என்பது போன்ற முன்கூட்டித் தெரிந்த சங்கதிகளையும் கணக்கில் சேர்க்கலாம். நேரம் பிடிக்கும். வேகமான கம்ப்யூட்டர் சிப்கள் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுப்படியானது.

இப்போது செயற்கை நுண்ணறிவின் காலம். ஆயிரக்கணக்கான முழுப் படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், விடுபட்ட பகுதியைச் சில நொடிகளில் நிரப்பித் தருகிறது. பார்க்க அழகாகவும் இருக்கும். வில்லங்கமும் அதில்தான். மங்கலான படத்தைக் கண்டால் டாக்டர் சந்தேகப்படுவார். பளிச்சென்ற படத்தைப் பார்த்தால் நம்பிவிடுவார். 2020-ல் அதே அமெரிக்க அகாடமி இதழில் வந்த ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட மென்பொருள்கள் சிலவற்றைச் சோதித்தது. அளவுகளில் கண்ணுக்கே தெரியாத சின்ன மாற்றம் செய்தாலும் படத்தில் இல்லாதது முளைத்தது. கட்டி போன்ற சிறிய அடையாளம் இருந்தும் மறைந்துபோவதும் நடந்தது. மருந்து மாத்திரையைச் சோதிப்பது போல இவற்றையும் கறாராகச் சோதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குள் விட வேண்டும்.

கணக்கைத் தேய்ப்பதைவிட இன்னொரு கோணத்தில் படம் எடுப்பது பல நேரங்களில் எளிது. மேமோகிராம் எடுக்கப் போகும் பெண்கள் சிலர், ‘ஒரு தடவை எடுத்தாச்சே, மறுபடி ஏன்?’ என்று சங்கடப்படுவதுண்டு. வழக்கமாக ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படங்கள் எடுப்பார்கள்: ஒன்று மேலிருந்து, இன்னொன்று சாய்வாக. இரண்டாவது முறை தகடு இறுக்கும்போதும் வலிக்கத்தான் செய்யும். ஆனால், முதல் தடவை எந்தக் கதிரும் உரசாமல் விட்ட விளிம்பை இந்தச் சாய்வான கதிர் உரசிக்கொண்டு போகக்கூடும்.