அண்ணனின் ட்ரம்ப் கார்டுகள்

தோழிகளே, வீட்டில் பழைய ட்ரம்ப் கார்டு ஏதாவது டப்பாவில் கிடந்தால் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என் அண்ணன் சின்ன வயதில் சேர்த்த டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்த கார்டுகளை அம்மா பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். (2002-ல் அந்தப் பெயர் டபிள்யூடபிள்யூஇ என்று மாறிவிட்டது. அதனால் பழைய பெயர் போட்ட கார்டு என்றாலே பிள்ளைகளுக்குத் தனி மவுசு!)

அண்ணன் 2021-ல் கொரோனாவில் போய்விட்டான். கார்டுகள் அவன் மகனுக்குத்தான் சேர வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் பாட்டி வீட்டில் அதை வைத்து விளையாடியே வளர்ந்த என் பையன் முகம் வாடிவிட்டது. "அத்தை, அவனுக்கு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்களேன்" என்றான் மருமகன். ஜெராக்ஸ் எதற்கு, அசல் மாதிரியே எடுப்போம் என்று இறங்கினேன்.

கடையில் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே வைத்து எடுத்துத் தந்தார்கள். ஒரே மங்கல், அலை அலையாய்க் கோடு வேறு. பிறகு வீட்டு பிரின்டரில் உள்ள ஸ்கேனரில் நானே எடுத்தேன். இந்த மாதிரி ஸ்கேனரில் கண்ணாடியை ஒட்டியிருப்பதுதான் தெளிவாக விழும். உறையைக் கழற்றுங்கள். வளைந்த கார்டை இரண்டு நாள் கனமான புத்தகத்தின் அடியில் வைத்து எடுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துத்தான் துடைக்க வேண்டும்; கண்ணாடி மேலேயே அடித்தால் ஓரத்தில் உள்ளே இறங்கிவிடும்.

அலைக்கோடு ஏன் வருகிறது தெரியுமா? அச்சுப் படம் முழுக்கக் குட்டிக் குட்டிப் புள்ளிகள். ஸ்கேனர் எடுக்கும் புள்ளிகள் அதோடு ஒத்துப்போகாவிட்டால் கோலம் சிதறின மாதிரி ஆகிவிடும். 600 டிபிஐ-யில் வைத்து, 'டீஸ்கிரீன்' என்பதையும் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் போய்விடுகிறது. கார்டுக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள். பின்பக்க எழுத்து ஊடே தெரியாது, வெள்ளை ஓரமும் எடுப்பாக விழும்.

மினுமினுப்பான கார்டுகள் மட்டும் ஸ்கேனரில் கறுத்துப்போகும். அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் எடுப்பதே மேல்.

முக்கியமாக, பின்பக்கத்தையும் எடுங்கள். ஒரு கார்டின் பின்னால் அண்ணன் தன் பெயரையும் '5-பி' என்றும் பேனாவில் எழுதியிருந்தான். 'ஆட்டோ' வைத்து எடுத்தால் மஞ்சளேறிய அட்டையை வெளுப்பாக்குகிறேன் என்று மங்கிய மையையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அதை நிறுத்திவிட்டு எடுத்ததும் கையெழுத்து அப்படியே வந்தது. அந்த ஒன்றை மட்டும் இரண்டு பிரதி போட்டேன். ஒன்று என் பையனுக்கு, இன்னொன்று அம்மாவுக்கு.

- ஒரு வாசகி, திண்டுக்கல்