ஊதா நிற்குமா, ஓடுமா?

“சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘கிராம் நெகட்டிவ் பேசில்லை’ என்று போட்டிருக்கிறது. நெகட்டிவ் என்றால் கிருமி இல்லை என்றுதானே? மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டு வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

நிறுத்தாதீர்கள் அம்மா. கிருமி இருக்கிறது; பேசில்லை என்பது கோல் வடிவக் கிருமிகளைக் குறிக்கும் சொல். ஊதாச் சாயம் அதன்மேல் நிற்கவில்லை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. கிராம் என்பதும் எடை அல்ல, ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவரின் பெயர்.

பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் சொந்த நிறம் கிடையாது. சாயம் ஏற்றாமல் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பின்னணியோடு கலந்துவிடும். 1884இல் பெர்லினில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தேடிக்கொண்டிருந்த கிராமுக்கு வயது முப்பது. திசு வெளுக்க வேண்டும், கிருமி மட்டும் ஊதாவாக நிற்க வேண்டும். அவர் விரும்பியது இவ்வளவுதான். பல கிருமிகள் அப்படியே நின்றன. டைபாய்டு கிருமி போன்ற சிலவற்றில் சாயம் கழுவிக்கொண்டு போய்விட்டது. முறை இன்னும் குறையுள்ளது என்று அவரே எழுதிவைத்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அவர் குறை என்று நினைத்ததை வைத்துத்தான் உலகம் இன்று பாக்டீரியாக்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கிறது: ஊதா நின்றால் கிராம் பாசிட்டிவ், ஓடினால் கிராம் நெகட்டிவ்.

இந்தச் சோதனை ஐந்து நிமிட வேலைதான். சிலைடில் மாதிரியை மெல்லிசாகத் தடவி, உலர்த்தி, தீயில் லேசாகக் காட்டுவார்கள். மேலே கிரிஸ்டல் வயலட், ஒரு நிமிடம். வாய்ப்புண்ணுக்கு நாக்கெல்லாம் நீலமாகத் தடவிவிடுவார்களே, அந்த ஜென்ஷன் வயலட்டில் இருப்பதும் இந்தச் சாயம்தான். கழுவிவிட்டு அயோடின், இன்னொரு நிமிடம். பிறகு சிலைடைச் சாய்த்துப் பிடித்து ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஓரத்தில் வழியும் ஊதா தெளிந்ததும் சட்டென்று தண்ணீர் ஊற்றி நிறுத்த வேண்டும். சில நொடி கூடினால் பாசிட்டிவும் வெளுத்து நெகட்டிவ் வேஷம் போடும். கைதேர்ந்த டெக்னீஷியனை இந்த இடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கடைசியாக சஃப்ரனின், ஊதாவை இழந்தவை இதில் இளஞ்சிவப்பாகும்.

ஏன் ஒன்றில் நிற்கிறது, மற்றொன்றில் ஓடுகிறது? எங்கள் வீட்டுக் கட்டிலைப் பிரித்துத்தான் அறைக்குள் கொண்டுபோனோம். உள்ளே வைத்துப் பூட்டியபின் அது வாசல் வழியே வெளியே வராது. சாயமும் அயோடினும் கிருமிக்குள் போய்ச் சேர்ந்து அப்படித்தான் பெருத்துவிடுகின்றன. கிராம் பாசிட்டிவ் கிருமியின் சுவர் தடிமன். ஆல்கஹால் பட்டதும் நீர் வற்றி அதன் துளைகள் சுருங்க, சாயம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. நெகட்டிவின் சுவரோ மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்பாலான ஒரு சவ்வு உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிட, சாயம் வெளியேறிவிடுகிறது.

மருத்துவருக்கு இது வெறும் நிறம் அல்ல. அந்த வெளிச்சவ்வு பல மருந்துகளையும் உள்ளே விடாது. வான்கோமைசின் என்ற பலமான மருந்து பெரும்பாலான நெகட்டிவ் கிருமிகளிடம் எடுபடாததற்கு இதுவே காரணம். கிருமி வளர்ந்து கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். எந்தக் கட்சி என்பதைச் சாயம் அன்றைக்கே சொல்லிவிடும். காசநோய்க் கிருமிக்கு இது சரிப்படாது. மெழுகு போர்த்திய அதற்கு ஸீல்-நீல்சன் என்று தனி முறை இருக்கிறது.

இவ்வளவு மலிவான சோதனை கையில் இருந்தும், காய்ச்சல் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அது கேட்காதபோதுதான் லேபுக்குப் போகிறோம். அதற்குள் அரைகுறையாக அடிபட்ட கிருமி, கல்ச்சரில் வளராமலேயே போகக்கூடும். மருத்துவர் பரிசோதனை எழுதித் தந்தால், தாமதிக்க முடியாத அவசரம் இல்லாதவரை, முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று கண்டால் நீங்களாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.