ஒரே ஆண்டெனா, தெருவெல்லாம் டிவி

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர் அஸ்டோரியா. 1948இல் அதற்குக் கிட்டத்தில் இருந்த டிவி நிலையமே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, சியாட்டிலில்தான். அதுவும் அந்த நவம்பரில்தான் ஒளிபரப்பைத் தொடங்கியது. உள்ளூர் வானொலி நிலையத்தை நடத்திவந்த எட் பார்சன்ஸின் மனைவிக்கு டிவி பார்க்க ஆசை. பார்சன்ஸ் கருவியும் கையுமாக அலைந்து சிக்னலைத் தேடினார். கடைசியில் அது வீட்டுக்கு எதிரே இருந்த ஓட்டலின் மொட்டை மாடியில் சிக்கியது. அங்கே ஆண்டெனாவை நட்டுத் தெருவின் குறுக்கே கேபிள் இழுத்தார். வீட்டில் படம் தெரிந்தது.

அதன்பிறகு வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தாங்கவில்லை. ஓட்டல் வரவேற்பறைக்கு ஒரு டிவி, இசைக்கருவிக் கடைக்கு ஒன்று, பிறகு அக்கம்பக்கத்து வீடுகள் என்று இணைப்பு கொடுத்துக்கொண்டே போனார். கேபிள் டிவி பிறந்தது இங்கேதான் என்கிறது அஸ்டோரியா. பென்சில்வேனியாக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை, எங்கள் ஜான் வால்சன்தான் முன்னோடி என்பார்கள்.

கூட்டத்தைப் பிரித்தாயிற்று. சிக்னலைப் பிரிப்பது அவ்வளவு சுலபமல்ல.

கேபிளில் இறங்கிவரும் நல்ல சிக்னல்கூட ஒரு வாட்டில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். இரண்டு டிவிக்குப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. பொறியாளர் கணக்கில் இது 3 டெசிபெல் இழப்பு. பாகப்பிரிவினை என்றால் பத்திரச் செலவும் உண்டே! சிக்னலைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் இழப்பு 3.5ஐத் தொடும். நான்காகப் பிரித்தால் சுமார் 7, எட்டாகப் பிரித்தால் சுமார் 11.

ஸ்ப்ளிட்டர் எதற்கு, கம்பிகளைச் சேர்த்து முறுக்கிவிட்டால் போதாதா? போதாது. டிவி கேபிளின் மின்மறுப்பு 75 ஓம். இரண்டு கேபிள்களை ஒரே முனையில் முறுக்கினால் அங்கே அது 37.5 ஆகிவிடும். பொருந்தாத இடத்தில் சிக்னலின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பி ஓடும். பழைய டிவிகளில் படத்துக்குப் பக்கத்திலேயே நிழல்போல இன்னொரு படம் தெரிய இதுவும் ஒரு காரணம். தீப்பெட்டி அளவு ஸ்ப்ளிட்டருக்குள் இருக்கும் ஃபெரைட் வளையச் சுருள்கள் இந்தப் பொருத்தத்தைச் சரிசெய்கின்றன. கூடவே இருக்கும் மின்தடை, ஒரு டிவியின் இரைச்சல் இன்னொன்றுக்குப் போகாமல் தடுக்கிறது. டிவி மாட்டாத முனை இருந்தால் அதில் 75 ஓம் மூடியைத் திருகிவிடுவது நல்லது.

இழப்பை ஈடுகட்டப் பூஸ்டர் உண்டு. அதை வைக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீளமான கேபிளிலும் ஸ்ப்ளிட்டரிலும் தேய்ந்த சிக்னலை டிவி அருகே பெருக்கினால், இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அதனால் பூஸ்டர் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில், பிரிப்பதற்கு முன்னால் இருக்கவேண்டும். ஆனால் ஒளிபரப்புக் கோபுரம் அருகிலேயே இருந்தால் பூஸ்டரே வினை: சிக்னல் அளவு மீறி, வந்த சேனலும் கெட்டுப்போகும்.

2009 ஜூன் 12க்குள் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி, டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. அனலாக்கில் சிக்னல் தேயத் தேயப் படத்தில் புள்ளிகள் கூடும். ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் ஒரு வரம்புவரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, ஒன்றுமே இல்லாமல் போகும். வரம்பின் விளிம்பில் நிற்கும் சேனலுக்கு ஸ்ப்ளிட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த 3.5 டெசிபெல்லே போதும். நேரடி இணைப்பில் ஓடிய சேனல், பக்கத்து அறைக்கும் ஒரு கேபிள் இழுத்த அன்றே காணாமல் போவது இப்படித்தான்.