வாப்பாவின் குரலும் வேனின் சீழ்க்கையும்

கைத்தறி நெசவாற் பேர்பெற்ற மருதமுனையிலே, 1980களின் தொடக்கத்தில், என் வாப்பா தறியில் அமர்ந்தவாறே பாடிய கவிகள் சிலவற்றைக் காக்கா ஓர் ஒலிநாடாவிற் பதிந்து வைத்தார். பாட்டின் பின்னே தறி அடிக்கும். இடையிடையே வாப்பா இருமுவார். அவர் மறைந்த பின் எங்களிடம் எஞ்சியிருப்பது அந்த ஒரு நாடாவே. அண்மையில் அதனைப் பென்டிரைவில் ஏற்றி, எங்கள் பழைய டீசல் வேனிலே உம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். வேன் நிற்கையில் குரல் தெளிவாக இருந்தது. இயந்திரத்தை முடுக்கியதுதான் தாமதம், ஒரு சீழ்க்கை எழுந்தது. வேகம் ஏற ஏற அதுவும் சுருதி ஏறிற்று.

“மகன், ஒண்டும் விளங்குதில்லையே” என்றார் உம்மா.

கடையொன்றிலே பெட்டி பழுது என்றார்கள். புதுப்பெட்டி வாங்கினோம். பிறகு ‘வடிகட்டி’ என்று ஒன்றைத் தலையிற் கட்டினார்கள். பணம் போயிற்று, சீழ்க்கை போகவில்லை.

கடைசியில், ஊரிலே கராச் வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் வேனைக் கொண்டு போனேன். அவர் ஸ்குரூ ஆணி எதையும் தொடவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முதலில் நாடாவைக் கேட்டார்.

“காக்கா, இந்த டக் டக் என்ன?”

“அது தறி, தம்பி.”

“அப்ப அது பாட்டோட வந்தது. மற்றது எந்த வழியால வருது எண்டு பார்ப்பம்.”

இந்த வழிதேடல் புதியதன்று. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பால் கால்வின் என்பார் தமது காரிற் பொருத்திய வானொலிதான் பின்னர் மோட்டரோலா என்னும் பெயரோடு சந்தைக்கு வந்தது. அக்காலத்தவர்களை வாட்டியது பிளக்கின் தீப்பொறி. 1880களின் பிற்பகுதியில் ஹேர்ட்ஸ் என்னும் ஜேர்மன் அறிஞர் வானொலி அலையைப் பிறப்பித்ததும் ஒரு தீப்பொறியைக் கொண்டேயன்றோ! ஆகவே பெற்றோல் வாகனம் ஒவ்வொன்றும் தன்னுள் ஒரு குட்டி வானொலி நிலையத்தைச் சுமந்து ஓடுகிறது எனலாம். அது மத்திய அலையிலே ‘டிக் டிக்’கென ஒலிபரப்பும். பிளக் வயர்களில் தடையிகளை இட்டு அதனை அடக்கினார்கள். பண்பலை ஒலிபரப்பு வந்ததும் அத்தொல்லை பெரிதும் தணிந்தது.

எங்கள் வேனோ டீசல் வேன். அதற்குப் பிளக்கே இல்லை. அப்படியாயின் சீழ்க்கை அடிப்பவர் யார்?

மின்கலத்துக்கு மின்னூட்டும் ஆல்டர்னேற்றர்தான். அது பிறப்பிப்பது ஆடலோட்டம். இருவாயிகள் அதனை நேரோட்டமாக்கினாலும் மேலே ஒரு சிற்றலை எஞ்சி நிற்கும். ஆறு சோடி முனைவுகள் கொண்ட ஆல்டர்னேற்றர் நிமிடத்துக்கு 6000 முறை சுழன்றால், சிற்றலையின் மீடிறன் செக்கனுக்கு 3600 ஆகும். காதைத் துளைக்கும் சுருதி அது. கால் அழுத்த அழுத்தச் சுருதி ஏறியதன் இரகசியமும் இதுவே. எனினும் அச்சிற்றலை எல்லா வாகனங்களிலும் உண்டு. அது பாட்டுக்குள் புகுவதற்கு ஒரு வாசல் வேண்டும்.

தம்பி பெட்டியின் ஒலியை முற்றாகக் குறைத்தார், சீழ்க்கை குறையவில்லை. எனவே அது அந்தக் குமிழுக்கு அப்பால் நுழைகிறது. ஆசனத்தின் கீழிருந்த ஒலிபெருக்கியிலிருந்து சைகை வயரைக் கழற்றினார், சீழ்க்கை நின்றது. அவ்விடத்திலே தமது கைத்தொலைபேசியைத் தொடுத்துப் பாட்டொன்றைப் போட்டார். பாட்டுத் தெளிவாக வந்தது. “போனுக்கு எர்த் இல்ல காக்கா. பிழை எர்த்தில.”

வாகனத்தின் இரும்புடலே மின்னோட்டம் மின்கலத்துக்குத் திரும்பும் பாதை. பெட்டிக்கு ஓரிடத்திலும் பெருக்கிக்கு வேறோரிடத்திலும் எர்த் கொடுத்திருந்தார்கள். பெருக்கியின் எர்த் ஆணியோ நிறப்பூச்சின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது, சுற்றிலும் துரு. கிழக்கே கடலை வைத்துக்கொண்டிருக்கும் ஊரிலே உப்புக்காற்று எந்த இரும்பை விட்டுவைக்கும்? அத்துருவினால் ஓமில் நூற்றிலொரு பங்கு தடை ஏற்பட்டாலும், 10 அம்பியர் ஓடும்போது இரு எர்த்துகளுக்கும் இடையே வோல்ற்றிற் பத்திலொரு பங்கு வேற்றுமை பிறந்துவிடும். பாடுபவரின் மெல்லிய குரலைச் சுமந்து வரும் சைகை அதனிலும் சிறியதாயிருக்கலாம். அந்த வேற்றுமையிற் கலந்த சிற்றலை சைகை வயர் வழியே பெருக்கிக்குட் புகுந்து, பன்மடங்காகி வெளியே வந்தது. வடிகட்டியை நேர்மின் வயரிலே மாட்டியிருந்தார்கள். கள்வன் கொல்லைப்புறத்தால் வர, தலைவாசலிற் காவல் வைத்த கதை.

அவர் பூச்சையும் துருவையும் பளபளக்கும்வரை சுரண்டினார். தடித்த குட்டை வயர்கொண்டு இரண்டு எர்த்துகளையும் அந்த ஒரே இடத்தில் முடுக்கி, மேலே கிறீஸ் பூசினார். கூலி, வடிகட்டியின் விலையிற் பாதிகூட இல்லை.

மறுநாள் உம்மாவை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்று வரை சென்றேன். கல்முனை தாண்டும்வரை அவர் வாய் திறக்கவில்லை. வாப்பா ஒரு கவியை முடித்து இருமினார். தறி மட்டும் தனியே அடித்தது. உம்மா காதைச் சற்றுச் சாய்த்தார்.

“அண்டைக்குத் தறியில மிதி தளர்ந்திருக்கு, மகன். சத்தத்தைக் கேளு.”